நாய்க்காக நேர்ந்த வெடி

என்னைவிடப் பயந்த ஓர் உயிர் உலகத்தில் இருக்கும் என்று, அந்த நாய் வீட்டுக்கு வரும்வரை நான் நம்பியதில்லை. குளியலறையில் பல்லியைக் கண்டால் அன்றைக்குக் குளியல் கிடையாது. அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் வந்து, பஸ் ஸ்டாப்பில் இருந்து வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி ஓடி வந்த நாட்களுக்குக் கணக்கே இல்லை. கணவருக்கு மஸ்கட்டில் வேலை. மகள் பெங்களூரில் நர்சிங் படிக்கிறாள். புதுக்கடை ஊரில் இருந்து உள்ளே தள்ளி, மூன்று பக்கமும் ரப்பர் மரங்கள் நிற்கிற வீட்டில் நானும் என் தையல் மெஷினும் மட்டும்தான். ரப்பர் காய் வெடிக்கிற காலத்தில் விதை தெறித்துக் கூரையில் விழும். அந்தச் சத்தத்துக்கே கையில் இருக்கிற துணியைப் போட்டுவிட்டு எழுந்து நிற்பேன்.

"ஒரு நாயக் கொண்டு வந்து வளத்தா உனக்கு ஒரு தைரியமா இருக்கும்" என்று கணவர் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். தைரியம் அவர் அனுப்புகிற பார்சலில் வருகிற சாமான் என்று நினைப்பு போலிருக்கிறது.

மார்த்தாண்டத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். அவருக்கு நான்தான் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன். மேம்பாலத்துக்குக் கீழே அடிபட்டுக் கிடக்கிற நாய்களைத் தூக்கி வந்து, ஆற்றித் தேற்றி, வேண்டுகிறவர்களுக்குக் கொடுப்பது அவருடைய வேலை. வேலை என்றால் சம்பளம் இல்லாத வேலை. அளவெடுக்கப் போனபோது வீட்டுக் கொல்லையில் பத்துப் பன்னிரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடி வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையில் தன்னைச் செருகி வைத்துக்கொண்டு நடுங்கியது. தவிட்டு நிறத்தில் ஒரு நாட்டு நாய். இரண்டு வயது இருக்கும். வாலில் பாதிக்கு மயிரே இல்லை, தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது.

"தீவாளிக்கு எவனோ வாலுல மாலைப்படக்கத்தக் கெட்டிக் கொளுத்திட்டான்" என்றார் அக்கா. மாலைப்படக்கம் என்றால் சரவெடி. "இவள மட்டும் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க. குரைக்கவும் செய்யாது."

குரைக்காத நாயை எதற்குக் கொண்டுவந்தாய் என்று கணவர் கேட்டார். அது நடுங்கியதைப் பார்த்தபோது எனக்கு என் கால்கள் நடுங்குவதுபோல் இருந்தது, அவ்வளவுதான். பேர் ஒன்று வைத்தோம். அது எங்கள் வீட்டோடு இருக்கட்டும், இங்கே அவள் என்றே எழுதுகிறேன்.

முதல் இரண்டு வாரமும் அவள் இருந்த இடம் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து. மெஷின் ஓடினால் நடுங்குவாள், நின்றாலும் நடுங்குவாள். கத்தரிக்கோலை எடுக்கக் கையைத் தூக்கினால் இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடும். நான் பார்த்தால் சோறு தின்ன மாட்டாள். எனக்கும் அவளைப் பயம். பயந்த நாய்தான் கடிக்கும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆகவே சோறு வைக்கப் போகும்போது கணவரின் பழைய ஜீன்ஸைப் போட்டு, ஷூவும் மாட்டிக்கொண்டு போவேன். ஒரு வீட்டுக்குள் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் பயந்து, சுவரோரமாகவே நடமாடினோம்.

இந்தக் கோலத்தில் என்னைப் பார்த்துவிட்டு மைனி சிரித்த சிரிப்பு இருக்கிறதே. மைனி என்றால் கணவரின் அண்ணன் மனைவி. பக்கத்து விளை, அதாவது ரப்பர் தோட்டம், அவர்களுடையது. அண்ணன் காலமான பிறகு ரப்பர் வெட்டுவது, பாலை ரோலரில் ஷீட் அடிப்பது எல்லாம் மைனி ஒற்றையாகப் பார்த்துக்கொள்கிறாள். பயம் என்று ஒன்று உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது.

"ஏட்டி, காவலுக்கு நாயக் கொண்டாந்தியா, இல்ல நாய்க்கு நீ காவலா?"

"களியாக்காதீங்க மைனி. அது பேடிக்குது." களியாக்குவது என்றால் கேலி, பேடிப்பது என்றால் பயப்படுவது, எங்கள் ஊரில்.

"நீயுந்தான் பேடிக்கிய. பேன்ட்டப் பாரு, பேன்ட்ட."

அக்காவுக்குப் போன் போட்டேன். தொடாதே, கொஞ்சாதே, கண்ணுக்குக் கண் பார்க்காதே, அதோடு விளையாடு என்றார். நாற்பத்தேழு வயதில் எனக்கு விளையாட எங்கே தெரியும்? மகள் சின்னதாக இருந்தபோதே நான் அவளோடு விளையாடியதில்லை. விழுந்துவிடாதே, ஓடாதே, அதைத் தொடாதே என்று சொன்னதுதான் நினைவில் இருக்கிறது. அக்கா பொறுமையாக ஒரு விளையாட்டைச் சொல்லிக் கொடுத்தார். அதற்கு வேண்டியது இரண்டே சாமான், தேங்காய்ச் சிரட்டையும் மீனும். இரண்டுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை.

சாளை மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து, ஒரு சிரட்டையில் வைத்துப் பீரோவுக்கு ஆறடி தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். கதவிடுக்கு வழியாகப் பார்ப்பேன். முதல் நாள் அசையவில்லை. இரண்டாம் நாள் கழுத்து நீண்டது. நான்காம் நாள் வயிற்றைத் தரையோடு இழைத்துக்கொண்டு வந்து தின்றுவிட்டு ஓடினாள். ஒரு வாரம் கழித்துச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தேன். மீன் உள்ளே. மணம் வெளியே. மூக்கால் தள்ளினாள். சிரட்டை சிமென்ட் தரையில் டக்கென்று புரண்டதும், பீரோச் சந்துக்குள் போன வேகத்தில் சுவரில் மண்டை இடித்துக்கொண்டாள். போச்சு, இனி வரமாட்டாள் என்று நினைத்தேன்.

அரை மணி நேரம். பிறகு மூக்கு மட்டும் வெளியே வந்தது. சிரட்டை இருந்த இடத்தில் சும்மா கிடந்தது. அது அவளை ஒன்றும் செய்யவில்லை. திரும்ப வந்து தின்றாள். அந்த ஒரு துண்டு மீனை அவள் விழுங்குவதைப் பார்க்கக் கதவின் பின்னால் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மூன்று சிரட்டை, ஒன்றில் மட்டும் மீன். பிறகு நானும் அறைக்குள், முதுகைக் காட்டிக்கொண்டு. பிறகு முகத்தைக் காட்டிக்கொண்டு. ஜீன்ஸையும் ஷூவையும் எப்போது விட்டேன் என்று நினைவில்லை. நான் சிரட்டைகளை அங்குமிங்கும் நகர்த்துவேன், அவள் தலையைச் சாய்த்துப் பார்ப்பாள், வந்து காலால் ஒன்றைத் தட்டிக் கவிழ்ப்பாள். தப்பாக இருந்தால் என்னைப் பார்ப்பாள், ஏமாற்றிவிட்டாய் என்பதுபோல. ஒருநாள் சரியாகக் கவிழ்த்துவிட்டு, அந்தப் பாதி மொட்டை வாலை ஆட்டினாள். மேலும் கீழுமாக அல்ல, நன்றாக இரண்டு பக்கமும். நான் உட்கார்ந்து அழுதேன். தைக்கக் கொடுத்ததைக் கேட்டு வந்த ஒரு பெண் என்னவோ துக்கச் செய்தி என்று நினைத்துத் துணியை வாங்காமலே திரும்பிப் போய்விட்டாள்.

ஆறு மாதத்தில் மெஷின் சத்தம் பழகிவிட்டது. முற்றத்துக்கு வந்தாள். ரப்பர் விதை கூரையில் விழுந்தால் என்னைப் போலவே எழுந்து நிற்பாள், பிறகு என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்வாள். வெடி மட்டும் ஆகாது. எங்கோ தூரத்தில் ஒரு படக்கம் கேட்டால் போதும், பீரோச் சந்தில் ஒருநாள் முழுக்க அன்னம் தண்ணீர் இல்லை.

அந்த வருஷம் ஆவணியில் நாலு வீடு தள்ளி ஒரு கல்யாணம். மாப்பிள்ளை கார் வந்து நின்றதும் மாலைப்படக்கத்தைக் கொளுத்திவிட்டார்கள். துணி வாங்க வந்தவள் கேட்டைத் திறந்து போட்டிருந்தாள். நான் நாயைப் பிடிக்கக் கையை நீட்டுவதற்குள் அவள் இல்லை. கேட்டுக்கு வெளியே இடது பக்கம் போனாளா வலது பக்கம் போனாளா என்றுகூடப் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் தேடினேன். ரப்பர் விளைகளுக்குள், வாழைத்தோட்டங்களுக்குள், புதுக்கடை ரோட்டில். ரோட்டோரம் எங்கே எது குவியலாகக் கிடந்தாலும் கிட்டப் போகக் கால் வராது, போகாமல் இருக்கவும் முடியாது. பழைய சாக்கு, கிழிந்த மழைக்கோட்டு, ஒரு தடவை நிஜமாகவே ஒரு நாய், ஆனால் கறுப்பு. லாரி ஹார்ன் கேட்கும்போதெல்லாம் ரோட்டுக்கு ஓடினேன். இரண்டாம் நாள் சாயங்காலம் மைனி என்னைக் கையைப் பிடித்து அம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். நடையில் நின்று கண்ணை மூடினேன். வாயில் வந்தது இதுதான்:

"அம்மா, அவ உயிரோட கிடைக்கணும். அவளுக்கு இந்த வெடிப் பயம் தெளியணும். உனக்கு நூத்தியொரு வெடி வைக்கேன்."

எங்கள் பக்கத்தில் எதற்கெடுத்தாலும் வெடிதான். விசா கிடைத்தால் வெடி, பரீட்சை தேறினால் வெடி, பிள்ளை பிறந்தால் வெடி. கோவில் பின்னால் இரும்புக் குழல்களில் மருந்தை இடித்து நிரப்பி வைத்திருப்பார்கள். கதினா என்று பேர். சீட்டு வாங்கி, பேரும் நட்சத்திரமும் சொன்னால் மைக்கில் அறிவித்துவிட்டுக் கொளுத்துவார்கள். கணவரின் விசாவுக்கு நான் நேர்ந்திருக்கிறேன், மகளின் காய்ச்சலுக்கும் நேர்ந்திருக்கிறேன். வாய்க்குப் பழகிப்போன நேர்ச்சை. என்ன சொன்னேன் என்பது கோவில் படியில் இறங்கும்போதுதான் உறைத்தது.

மைனியிடம் சொன்னேன். அவள் படியிலேயே நின்றுவிட்டாள்.

"வெடியப் பேடிச்சு ஓடுன நாய்க்கு வெடியாட்டி நேர்ந்த?"

"வாயில வந்துட்டு மைனி. மாத்திச் சொல்லட்டா? ஒரு பட்டுச் சார்த்துறேன்னு?"

"சொன்னது சொன்னதுதான். அவளுக்க முன்னால நின்னு வியாபாரமா பேசுவ?"

மறுநாள் காலையில் மைனியின் ஷீட் அடிக்கிற ஷெட்டில், ரோலருக்குக் கீழே அவள் கிடந்தாள். உடம்பெல்லாம் சேறு. சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை. ஆனால் அந்த நிமிஷத்திலேயே, நேர்ச்சையில் பாதி பலித்துவிட்டது என்ற நினைப்பும் வந்து முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

மீதிப் பாதிக்கு அக்கா வழி சொன்னார். வெடிச் சத்தத்தைப் பதிவு செய்து போனில் அனுப்பினார். முற்றத்தின் அந்த மூலையில் போன், காதில் விழுந்தும் விழாத சத்தத்தில். இந்த மூலையில் நானும் சிரட்டையும். சத்தம் வந்ததும் ஒரு சிரட்டை, அதில் மீன். வாரத்துக்கு ஒரு புள்ளி சத்தம் கூட்ட வேண்டும். வால் கீழே போனால் இரண்டு புள்ளி குறைக்க வேண்டும். "சத்தம் அங்க, மீன் உனக்க பக்கத்துல. அத மட்டும் மாத்தாத" என்று அக்கா இரண்டு முறை சொன்னார். எழுதிக்கூட வைத்தேன்.

எட்டு மாதம் ஆயிற்று. வீட்டில் நான் தின்றதைவிட அவள் தின்ற சாளை அதிகம். மைனியும் சேர்ந்துகொண்டாள். முதலில் தன் விளையில் நின்று பேப்பர்ப் பையை ஊதி உடைத்தாள். அப்புறம் பலூன். அப்புறம் பனையோலையில் சுற்றிய ஓலைப்படக்கம், ஒவ்வொன்றாக. ஐம்பத்தெட்டு வயதுக்காரி ரப்பர் மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று, "வைக்கட்டா, ஏட்டி, வைக்கட்டா?" என்று கேட்பதைப் பார்க்க வேண்டும். அவளுக்கு அது பயிற்சி அல்ல, அவளே விளையாட வந்துவிட்டாள். ஒருநாள் நானும் ஒன்றைக் கொளுத்தினேன். பிறந்ததில் இருந்து வெடியைக் கையால் தொடாத நான். அன்றைக்குக் கணவருக்கு வீடியோ காலில் அதைச் சொல்லும்போது எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

அங்கேதான் எனக்குத் தலைக்கனம் ஏறியது. வெடி கேட்டதும் அவள் ஓடாமல் என்னிடம் வருகிறாள், சரி. அதற்கு மேலேயும் ஆகட்டுமே என்று சிரட்டைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் வருகிற பக்கம் தள்ளி வைத்தேன். கடைசியில் மைனி படக்கம் வெடிக்கிற இடத்திலேயே, புகை அடங்கிய பிறகு, வரிசையாகச் சிரட்டை. டம்மென்று கேட்டதும் அவள் வாலைத் தூக்கிக்கொண்டு பாய்ந்து போய், புகைக்குள் மூக்கை விட்டுச் சிரட்டையைத் தட்டிக் கவிழ்ப்பாள். பார்க்கிறவர்கள் கைதட்டினார்கள். அக்காவிடம் இதை நான் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார் என்று தெரியும்.

அடுத்த கல்யாணத்தில் மாலைப்படக்கம் வெடித்தபோது அவள் கேட்டருகில் போய் நின்று, காதைத் தூக்கி, எச்சில் வடித்தாள்.

"தெளிஞ்சாச்சு" என்றாள் மைனி. "இனி அம்மைக்கு உள்ளதக் குடுத்துரு."

கொடுக்க எனக்குப் பயம். ஓலைப்படக்கம் வேறு, நூற்றியொரு கதினா வேறு. வயிற்றுக்குள் கேட்கிற சத்தம் அது. இத்தனை மாதம் கட்டியது ஒரே நாளில் இடிந்துபோனால்? கொடுக்காமல் இருக்கவும் பயம். இன்றைக்கு நாளைக்கு என்று இரண்டு மாதம் தள்ளினேன். ஒருநாள் மெஷின் ஊசி என் ஆள்காட்டி விரலில் ஏறி உடைந்தது. மைனி என் விரலையும் கோவில் இருக்கிற திசையையும் பார்த்தாள். அது போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. கோவில் எங்கள் வீட்டில் இருந்து பத்து நிமிஷ நடை. ஒரு விளையையும் ஒரு ரோட்டையும் தாண்ட வேண்டும். நேர்ந்தவள் நடையில் நிற்க வேண்டும் என்பதால் நான் போயே ஆக வேண்டும். மைனி வீட்டில் அவளோடு இருப்பாள், கதவு எல்லாம் சாத்தி, டிவியைச் சத்தமாக வைத்து. சட்டி நிறைய மீன் அவித்து வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

சீட்டு எழுதுகிறவரிடம் பேரைச் சொன்னேன். "நட்சத்திரம்?" என்றார். நாய்க்கு நட்சத்திரத்துக்கு எங்கே போவேன்? என்னுடையதைச் சொன்னேன். மைக்கில் அவள் பேரும் என் நட்சத்திரமும் சேர்ந்து ஊர் முழுக்கக் கேட்டன. குளத்தங்கரையில் கதினாக்களை இருபது இருபதாக நட்டு வைத்திருந்தார்கள். ஒன்றுக்கொன்று தரையில் மருந்துக் கோடு. ஒரு முனையில் தீ வைத்தால் அது தானாகவே அடுத்ததற்கு ஓடும். வெடிக்காரர் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நீளக் கம்பின் நுனியால் தீயைத் தொட்டார்.

முதல் இருபதும் என் நெஞ்சுக்கூட்டுக்குள் வெடித்தன. முடிந்ததும் புகை. இரண்டாவது வரிசைக்குத் தீ வைத்து முதல் குழல் வெடித்த நேரம் கைக்குள் போன் அதிர்ந்தது. மைனி.

"ஏட்டி, அவ இஞ்ச இல்ல. அடுக்களைக் கதவச் சும்மா திறந்தேன், தள்ளிட்டு ஓடிட்டா."

"எந்தப் பக்கம் மைனி? ரோட்டுக்கா?"

"அவ பேடிக்கலட்டி. வாலத் தூக்கிட்டு ஓடுனா. சத்தம் வந்த பக்கமா."

என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது அந்த ஒரு வார்த்தையில் முழுக்கப் புரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். குளத்தங்கரையில் அவள் வந்துகொண்டிருந்தாள். ரோட்டை அடிபடாமல் தாண்டி வந்திருக்கிறாள், அதற்கு நன்றி சொல்லக்கூட நேரமில்லை. வால் நிமிர்ந்து நின்றது. கூட்டத்தை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. நேராகப் புகைக்குள் போய், வரிசையின் மறுமுனையில், இன்னும் வெடிக்காத குழலில் மூக்கை வைத்தாள்.

வரிசையாக நட்ட இரும்புக் குழல்கள். அவளுக்கு அவை சிரட்டைகள். காலால் ஒன்றைத் தட்டினாள். அது அசைந்தது.

"நாயி! நாயி!" என்று வெடிக்காரர் அலறினார். அவரால் நிறுத்த முடியாது. மருந்துக் கோட்டில் தீ ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து, ஆறு, ஏழு என்று வெடித்து வந்தன. நான் அவள் பேரைக் கூப்பிட்டேன். எப்போதும் விளையாடக் கூப்பிடுகிற குரல்தான் வந்தது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாலை ஆட்டினாள். கண்டுபிடித்துவிட்டேன் பார் என்று அடுத்த குழலுக்குப் போனாள். வெடியின் சத்தத்துக்கு அவள் உடம்பில் ஒரு மயிர்கூட அசையவில்லை.

ஓடினேன். பல்லிக்குப் பயந்த நான் அந்தப் புகைக்குள் ஓடினேன். பதினொன்று வெடித்தது, பன்னிரண்டு வெடித்தது. அவளைத் தூக்க எனக்கு நேரம் போதாது என்பது ஓடும்போதே தெரிந்துவிட்டது. குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். கையை ஓங்கி, எனக்குள் இப்படி ஒரு குரல் இருப்பதே தெரியாத குரலில், "போடி, போ!" என்று கத்தி எறிந்தேன். வாழ்க்கையில் நான் எறிந்த எதுவும் குறி தவறாமல் பட்டதில்லை. அது பட்டது. விலாவில்.

அவள் வீலென்று கத்தித் துள்ளினாள். எறிந்தது யார் என்று திரும்பிப் பார்த்தாள். என் கை இன்னும் மேலேயே இருந்தது. அவள் வயிற்றைத் தரையோடு தாழ்த்தினாள், மூத்திரம் போனது, பிறகு வாழைத்தோட்டத்துக்குள் பாய்ந்து மறைந்தாள். யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் தட்டி அசைத்த குழல் கொஞ்சம் சாய்ந்தபடியே வெடித்துக் குளத்துத் தண்ணீரைச் சிதறடித்தது.

"மிச்சத்த வைக்கட்டா?" என்று வெடிக்காரர் கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று தெரியவில்லை. நூற்றியொன்றும் வைத்து முடித்தார்கள்.

வீட்டுக்கு ஓடி வந்தால் அவள் எனக்கு முன்பே வந்து பீரோச் சந்துக்குள் கிடந்தாள். விலாவில் வீக்கம், வேறொன்றும் இல்லை. மைனி தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மைனி அழுது நான் பார்த்தது அண்ணன் போன அன்றைக்குப் பிறகு அன்றுதான். நான் அறைக்குள் ஒரு அடி வைத்ததும், சந்துக்குள் இருந்து பற்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது.

இது நடந்து நான்கு மாதம் ஆகிறது. அவளுக்கு வெடிப் பயம் அறவே இல்லை. அதில் அம்மனைக் குறை சொல்ல முடியாது, கேட்டதைக் கொடுத்துவிட்டாள். மைனியின் கையில் இருந்து தின்கிறாள், மைனியின் காலடியில் உறங்குகிறாள். நான் அறைக்குள் வந்தால் எழுந்து சுவரோரமாகப் போய்விடுகிறாள். கத்தரிக்கோலை நான் இப்போது கையைத் தூக்காமல் இடுப்புக்குக் கீழேயே வைத்து எடுக்கிறேன். துணியை வெயிலில் போட மைனி வருகிறாள், ஏனென்றால் கொடிக்குக் கை உயர வேண்டும். வீட்டுக்குள் என் குரலைக் கேட்க எனக்கே பயமாக இருக்கிறது.

"நீ கல்லெறியலேன்னா அவ இன்னைக்கு இருந்திருக்க மாட்டா" என்கிறார் கணவர். எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதே. அதை அவளுக்குச் சொல்ல என்ன பாஷை இருக்கிறது?

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சிரட்டையை இடம் மாற்றி வைத்ததையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. "முதல்ல இருந்து தொடங்கணும். இப்போ நீதான் அந்தச் சத்தம்" என்றார். ஆகவே தினமும் சாயங்காலம் முற்றத்தின் அந்த மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு, பேசாமல் நான் உட்காருகிறேன். இந்த மூலையில் மைனி அவளுக்கு மீன் கொடுக்கிறாள். வாரத்துக்கு ஒரு அடி கிட்டே வரலாம். அவள் வால் கீழே போனால் இரண்டு அடி பின்னால் போக வேண்டும். முன்னால் வந்ததைவிடப் பின்னால் போனதுதான் அதிகம்.

"இன்னும் ஒரு தடவ நேர்ந்து பாப்பமா?" என்று மைனி மெதுவாகக் கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஒரு கல்யாணம். மைனி அதற்குத்தான் போயிருந்தாள். மாப்பிள்ளை கார் வந்ததும் மாலைப்படக்கம் படபடவென்று வெடித்தது. அவள் பீரோச் சந்தில் இருந்து சந்தோஷமாக ஓடி வந்தாள், வாலைத் தூக்கிக்கொண்டு, வாசல்வரை. வாசலில் நான் நின்றிருந்தேன். கையில் மீன் இருந்தது. நின்றுவிட்டாள். வெடி கேட்கிற பக்கத்தைப் பார்த்தாள், மீனைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். வால் கீழே இறங்கியது. மீனைப் படியில் வைத்துவிட்டு, அவள் வந்து தின்னட்டும் என்று, நான் கேட்டைத் தாண்டி, வெளியில் இருந்து சாத்திவிட்டு, ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டேன்.